சுறா மீன்களைக் காத்தல்: சட்டமும் வலையும்

சுறா மீனின் துடுப்புக்கெனத் தனிச் சுவை எதுவும் இல்லை. அதனுள் இருக்கும் மெல்லிய நார்களைப் பிரித்தெடுத்து, கோழிச் சாறு முதலியவற்றில் வேக வைத்துச் சீன விருந்துகளில் சூப்பாகப் பரிமாறுகின்றனர். சுவை சாற்றினுடையது; துடுப்பு தருவது விருந்தளிப்பவரின் செல்வச் சிறப்பை மட்டுமே. இச்சிறப்புக்காக ஹாங்காங் சந்தையில் உலர்ந்த துடுப்புக்குக் கிடைத்த விலை, சுறா இறைச்சியின் விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. ஆகவே, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள் தம் குளிர்பதன அறையைச் சுறா உடலால் நிரப்ப விரும்பாமல், துடுப்புகளை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியத் தலைப்பட்டன. துடுப்பிழந்த சுறா நீந்த இயலாது அடியில் மூழ்கி மடியும். உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது இக்கொடுமையே.

நம் நாட்டின் நிலை இதனின்று வேறுபட்டது. இங்குச் சுறா முழு உடலோடு கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதன் இறைச்சி புதிதாகவும் கருவாடாகவும் விற்பனையாகிறது. பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால்சுறாவைச் சமைத்துக் கொடுப்பது கடலோர வழக்கம். ஈரலின் எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப் பயன்பட்டது. துடுப்பு இவற்றோடு கிடைத்த கூடுதல் வருவாய். அது மட்டுமே நோக்கம் அன்று. ஆகவே, துடுப்பு வணிகத்தைத் தடுத்துவிட்டால் சுறா காக்கப்பட்டுவிடும் என்னும் கருத்து இந்தியக் கடல்களுக்கு முழுமையாகப் பொருந்தாது.

துடுப்பைக் குறித்த விதிகள்

பல நாடுகள் முதலில், படகில் உள்ள துடுப்பின் எடை சுறா உடலின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என விதித்தன. இவ்விகிதம் இனத்துக்கு இனம் மாறும். அறுக்கும் முறைக்கேற்பவும் மாறும். எனவே ஏய்ப்புக்கு இடம் இருந்தது. துடுப்பு உடலோடு இயற்கையாக ஒட்டிய நிலையிலேயே மீன் கரை சேர வேண்டும் என்பதே ஐயத்துக்கு இடமற்ற விதி. இந்தியாவில் மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகம் 2013 ஆகஸ்டில் இக்கொள்கையை ஏற்றது. பின்னர் 2015 பிப்ரவரியில் எல்லா இனச் சுறாக்களின் துடுப்பு ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது.

தடையின் பயனை மறுக்க வேண்டியதில்லை. எனினும் 2018 செப்டம்பரில் மும்பையிலும் குஜராத்திலும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் சுமார் 8 டன் துடுப்புகளைக் கைப்பற்றியது. வாங்குவோர் இருக்கும் வரை சரக்கு வேறு பெயரில் வெளியேற முயலும். அதைவிட முக்கியமானது வேறொன்று: சுங்கச் சாவடியில் துடுப்பைப் பிடிக்கும்போது சுறா இறந்து நெடுநாள் ஆகியிருக்கும்.

சுறா ஏன் தாங்காது?

நெய்ச்சாளை ஓராண்டுக்குள் முதிர்ந்து பல்லாயிரம் முட்டைகளை இடும். ஓராண்டு மிகுதியாகப் பிடித்தாலும், கடலின் தட்பவெப்பம் இசைந்தால் மீண்டும் பெருகிவிடும். பெரிய சுறாக்களின் வாழ்க்கை, மீனைவிடக் காட்டு விலங்கின் வாழ்க்கையை ஒத்தது. கொம்பன் சுறாவின் பெண் முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும். வால் நீண்ட திரெஷர் சுறா ஓர் ஈற்றில் பெரும்பாலும் 2 குட்டிகளையே ஈனும். ஆழ்கடல் சுறாக்கள், திருக்கைகள் ஆகியவற்றின் தொகை 1970-க்குப் பின் அரை நூற்றாண்டில் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வு கணித்தது.

ஆயினும் எல்லாச் சுறாவும் ஒன்றல்ல. மேற்குக் கடற்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சிறு சுறா இனம் ஓரிரு ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். அளவறிந்து பிடித்தால் அது நிலைத்து நிற்கும். இவ்வேறுபாட்டைக் கருதாமையால் 2001-இல் ஒரு குழப்பம் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் பால்சுறாவுக்கும் ஒரே சட்டம்! சுறாவையே நம்பி ஆழ்கடல் செல்லும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மீனவர் போன்றோரின் வாழ்வு ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. எதிர்ப்பு எழவே, டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. திமிங்கிலச் சுறா, கங்கைச் சுறா, புதுச்சேரிச் சுறா, வேளா மீன்கள் ஆகியன அதில் அடங்கும். 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது மேலும் பல இனங்கள் அட்டவணைகளில் இடம்பெற்றன.

முதல் அட்டவணை உயிரினத்தைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, மிகுதியாக 7 ஆண்டுச் சிறை. ஆனால் வலை இனம் பார்த்து விரிக்கப்படுவதில்லை. இழுவலையிலும் செவுள் வலையிலும் பிற மீனோடு சுறாவும் சிக்குகிறது. பட்டியலில் உள்ள இனம் இறந்த நிலையில் வலையில் வந்தால், தண்டனைக்கு அஞ்சும் மீனவர் அதைக் கடலிலேயே தள்ளிவிடுவார். மீன் பிழைப்பதில்லை, மீன் இறங்குதளத்தில் கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கும் செய்தி கிட்டுவதில்லை. மீன்பிடித் தடைக்காலமும் இதற்கு முழு விடையன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதலும் விசைப்படகுகள் 61 நாட்கள் நிறுத்தப்படுகின்றன. பல மாதங்கள் குட்டியைச் சுமக்கும் சுறாவுக்கு இந்த 2 மாத ஓய்வு சிறிதே உதவும்.

சௌராஷ்டிரக் கடற்கரையின் பாடம்

உயிரோடு இருக்கும்போதே சுறாவைக் காத்த நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. குஜராத்தின் வேராவல், மாங்ரோல் கரைகளில் 1990-களில் திமிங்கிலச் சுறா பெருமளவில் வேட்டையாடப்பட்டது. தூண்டிலோடு மிதவைப் பீப்பாய்களைக் கட்டி அதைக் களைப்புறச் செய்வர். அதனால் அம்மீனுக்கே ‘பேரல்’ என்ற பெயர் வழங்கியது. இறைச்சி தைவானுக்குச் சென்றது. மைக் பாண்டே 2000-இல் எடுத்த ஆவணப்படம் இவ்வேட்டையை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு மே மாதம் சட்டப் பாதுகாப்பு வந்தது.

சட்டம் வந்தும் அதனைக் கரையோர மக்கள் பலர் அறியவில்லை. குஜராத் வனத் துறை, இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, டாட்டா கெமிக்கல்ஸ் ஆகியன 2004-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கின. சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளோடு இம்மீனை ஒப்பிட்டுப் பேசினார். ‘பேரல்’ என்ற பெயர் மறைந்து, அன்புக்குரியவள் என்னும் பொருளில் ‘வாலி’ என்ற பெயர் பரவியது.

உருக்கமான பேச்சு மட்டும் போதியிராது. சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். வலை மீனவரின் முதல். ஆகவே அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு வழங்கியது. தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரையிருந்த தொகை பின்னர் 50,000 ஆயிற்று. முதலில் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்கும் வரை மீன் வலையிலேயே கிடக்க நேர்ந்தது. பின்னர் மீனவரிடமே ஒளிப்படக் கருவி கொடுக்கப்பட்டு, அவர் எடுக்கும் படமே சான்றாக ஏற்கப்பட்டது. இச்சிறு மாற்றமே, எம் கருத்தில், திட்டத்தின் உயிர்நாடி. காத்திருக்கும் நேரம் குறைந்தது. விடுவிக்கப்படும் மீன் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. சுமார் 20 ஆண்டுகளில் 900-க்கு மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் விடுவிக்கப்பட்டன. மகாராஷ்டிரமும் 2018-இல், பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினங்களை விடுவிப்பதில் வலை இழப்போர்க்கு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

இம்முறை எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது. திமிங்கிலச் சுறாவை யாரும் அடையாளம் தவறார். சிறு சுறாக்களில் ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரித்தறிவது ஆய்வாளருக்கே அரிது. மணிக்கணக்கில் இழுக்கப்படும் வலையில் ஏறும் சுறா பெரும்பாலும் இறந்தே வரும். அங்கு இழப்பீடு பயன்படாது. அவ்வலைகளுக்குக் கண்ணி அளவும் இழுக்கும் இடமுமே கட்டுப்படுத்தத் தக்கவை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அதற்கான அதிகாரம் மாநிலங்களின் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களிடம் உள்ளது.

வேளா மீனின் நிலை திமிங்கிலச் சுறாவை ஒத்தது. பல் பதித்த அதன் நீண்ட மூக்கு வலையில் பின்னிக்கொள்ளும். அறுக்காமல் விடுவிப்பது கடினம். இப்போது அருகிவிட்ட இம்மீனைத் தவறாக அடையாளம் காணவும் வாய்ப்பில்லை. கிழக்குக் கடற்கரை மாநிலங்கள் இழப்பீட்டை வேளாவிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: அட்டவணையைக் காப்பது வனத் துறை, மீனவரை நாள்தோறும் சந்திப்பது மீன்வளத் துறை. விண்ணப்பத்தை எந்த அலுவலகம் பெறும், எத்தனை நாளில் பணம் தரும் என்பது படகு கடலுக்குச் செல்லும் முன்பே மீனவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.