960 படங்களில் ஒரு விடியல்



திருச்சியில் படிக்கிற நாம் எல்லோரும் மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறோம். 83 மீட்டர் உயரப் பாறை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப் போய்விட்டது. ஆனால் அந்தப் பாறைக்குப் பின்னால் பொழுது விடிவதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை. இந்த வருஷம் மார்ச் மாதம் மூன்று நாள் பார்த்தேன். 80 நிமிட விடியலை 38 விநாடிப் படமாகச் சுருக்கினேன். இதற்கு டைம்லாப்ஸ் என்று பெயர்.

படத்தைப் பார்த்த நண்பர்கள், "எப்படிடா எடுத்தே? பெரிய கேமரா வேணுமா?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. முதல் இரண்டு நாள் நான் தோற்ற கதையையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் கற்றுக்கொண்டது அங்கேதான்.

டைம்லாப்ஸ் என்றால் என்ன?

வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாம் 5 விநாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து, அவற்றை விநாடிக்கு 25 வீதம் ஓட்டினால் என்ன ஆகும்? 5 × 25 = 125. காலம் 125 மடங்கு வேகமாக ஓடுவதுபோல் தெரியும். அவ்வளவுதான் தத்துவம்!

இது புதிய வித்தை அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஸ்மித் 1910-லேயே பூ மலர்வதை இந்த முறையில் படமாக்கிக் காட்டினார். 1982-ல் வந்த 'கொயானிஸ்காட்சி' என்ற அமெரிக்கப் படத்தில் ஒளிப்பதிவாளர் ரான் ஃப்ரிக் பெருநகரங்களின் போக்குவரத்தை இப்படி எடுத்தார். படத்தில் வசனமே கிடையாது.

முதலில் கணக்கு, பிறகு கேமரா

எத்தனை விநாடிக்கு ஒரு படம்? இதைக் குத்துமதிப்பாக முடிவு செய்யக்கூடாது. பூமி சுழல்வதால் சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதாவது 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. சூரிய வட்டத்தின் அகலம் சுமார் அரை டிகிரி. ஆகவே தன் அகலம் அளவு நகர அதற்கு ஏறத்தாழ 2 நிமிடம் பிடிக்கிறது.

5 விநாடி இடைவெளி வைத்தால் அந்த 2 நிமிடத்தில் 24 படங்கள் கிடைக்கும். திரையில் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. சூரியன் வழுக்கிக்கொண்டு மேலே வரும். 30 விநாடி வைத்தால் 4 படம்தான்; சூரியன் தவளை மாதிரி தாவும். 1 விநாடி வைத்தால் 4,800 படம். இரவல் கேமராவை அந்தப் பாடு படுத்த மனசு வராது. எனவே 5 விநாடி என்று முடிவு செய்தேன்.

காலை 5.45 முதல் 7.05 வரை 80 நிமிடம், அதாவது 4,800 விநாடி. ஐந்தால் வகுத்தால் 960 படங்கள். 25-ஆல் வகுத்தால் 38.4 விநாடி. ஒரு படம் 5 எம்.பி. என்றால் மொத்தம் 4.8 ஜி.பி. இதைக் கணக்குப் போடாமல் போனால் சூரியன் வருகிற நேரம் பார்த்து மெமரி கார்டு நிறைந்துவிடும்.

எங்கே நிற்பது?

மலைக்கோட்டைக்குப் பின்னால் விடியல் வேண்டுமானால் நாம் கோட்டைக்கு மேற்கே இருக்க வேண்டும். தில்லைநகர் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் என் அப்பா கொத்தனார் வேலை பார்த்தார். அப்பா மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கைப்பிடிச் சுவர் முடிஞ்ச பக்கம் மட்டும்தான் நிக்கணும். தம்பியோட நீங்களும் கூட இருக்கணும்." அதனால் மூன்று நாளும் அப்பா என்னோடு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்.

தேதியும் முக்கியம் நண்பர்களே! சூரியன் வருஷம் முழுக்க நேர்கிழக்கில் உதிப்பதில்லை. நம் ஊரில் ஜூனில் சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கிறது. மார்ச் 20-ஐ ஒட்டித்தான் நேர்கிழக்கு. அந்தச் சமயத்தில் உதிக்கும் இடம் நாளுக்கு 0.4 டிகிரி நகர்கிறது. ஆகவே முதல் நாள் ஒரு தடவை சும்மா போய்ப் பார்த்து, கோட்டை இடது பக்கமும் சூரியன் வலது பக்கமும் வருமாறு ஸ்டாண்டை வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். உதித்த சூரியன் மேலே ஏற ஏற வலது பக்கம் லேசாகச் சாயும். அதற்கும் இடம் விட வேண்டும்.

555 செய்த வேலை

எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணன் கல்யாண வீடுகளுக்கு எடுத்துப்போன பழைய கேமராவைக் கொடுத்தார். அதில் தானாக இடைவெளி விட்டுப் படம் எடுக்கும் வசதி இல்லை. 80 நிமிடம் கையால் அமுக்க முடியுமா? ஒவ்வொரு அமுக்கலுக்கும் கேமரா ஆடும்.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் நாம் எல்லோரும் 555 ஐ.சி.யில் அஸ்டேபிள் சர்க்யூட் போட்டு எல்.இ.டி.யைக் கண் சிமிட்ட வைத்திருக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் வரைந்ததோடு மறந்தும் விட்டோம். ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து 1972-ல் சந்தைக்கு வந்த அதே ஐ.சி.தான் எனக்குக் கை கொடுத்தது.

சூத்திரம் நினைவிருக்கிறதா? நேரம் = 0.693 × (முதல் ரெசிஸ்டர் + 2 × இரண்டாவது ரெசிஸ்டர்) × கப்பாசிட்டர். கப்பாசிட்டர் 100 மைக்ரோ ஃபேரட், இரண்டாவது ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், முதல் ரெசிஸ்டர் 52 கிலோ ஓம் என்றால் கிட்டத்தட்ட 5 விநாடி வரும். அதில் 0.7 விநாடி மட்டும் அவுட்புட் கீழே இறங்கும். அந்த நேரத்தில் ஒரு ஆப்டோகப்ளர் உள்ளே எல்.இ.டி. எரிந்து, கேமராவின் ரிமோட் வயரைச் சேர்க்கும், படம் விழும். ஆப்டோகப்ளர் எதற்கு? நம் 9 வோல்ட் பேட்டரி இரவல் கேமராவுக்குள் போய்விடக் கூடாதே! எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரின் மதிப்பு அச்சிட்டபடியே இருக்காது. அதனால் முதல் ரெசிஸ்டருக்கு 100 கிலோ ஓம் ப்ரீசெட் போட்டு, கடிகாரத்தை வைத்துத் திருகிச் சரிசெய்தேன்.

மூன்று காலைகள்

முதல் நாள் எல்லாவற்றையும் 'ஆட்டோ'வில் விட்டேன். வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தால் படம் டியூப்லைட் மாதிரி மினுக்கு மினுக்கு என்றது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருந்தது. இருட்டைப் பகலாக்கியது, விடியலின் செம்மையையும் 'தப்பு' என்று நினைத்துத் திருத்திவிட்டது. விடியலே இல்லாத விடியல்!

இரண்டாம் நாள் எல்லாவற்றையும் கையால் பூட்டினேன். ஃபோகஸ் மேனுவல், வண்ண அமைப்பு வெயிலுக்கு, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/60. மினுக்கல் போனது. ஆனால் ஆரம்பத்தில் தெரு விளக்குகளைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு, முடிவில் வானம் வெள்ளைத்தாள். சூரியன் வந்த சில நிமிடம்தான் உருப்படி.

ஏன் என்று யோசித்தேன். சூரியன் அடிவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும்போது வெளிச்சம் சுமார் 3 லக்ஸ். உதிக்கும்போது சுமார் 400 லக்ஸ். 3-ஐ ஏழு தடவை இரட்டித்தால் 384. நம் ஊரில் இந்த மாற்றம் ஏறத்தாழ 21 நிமிடத்தில் நடந்துவிடுகிறது. அதாவது 3 நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் இரட்டிப்பாகிறது! நம் கண் இதை உணர்வதே இல்லை, பாப்பா தானாகச் சுருங்கிக்கொள்கிறது. கேமராவுக்கு நாம்தான் கண் பாப்பா.

மூன்றாம் நாள் 2 விநாடி ஷட்டரில் ஆரம்பித்தேன். கேமரா சக்கரத்தில் மூன்று க்ளிக் நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகும். ஆகவே 5.58 முதல் நிமிடத்துக்கு ஒரு க்ளிக். 6.20 வாக்கில் சூரியன் தலை காட்டிய பிறகு நாலைந்து நிமிடத்துக்கு ஒன்று. கடைசியில் 1/500-ல் முடித்தேன். மொத்தம் 30 க்ளிக், 1,000 மடங்கு வித்தியாசம். இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் விரல் நுனியால் மட்டும் தொட்டேன். காற்றுக்கு ஆடாமல் இருக்க ஸ்டாண்டின் நடுவில் அப்பா ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டார். க்ளிக் மாறிய இடங்களில் தெரிந்த லேசான துள்ளலை, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள மினுக்கல் நீக்கும் வசதி சரிசெய்தது. 960 படங்களை வீடியோவாகக் கோத்ததும் அதே மென்பொருள்தான்.

அப்பா கேட்ட கேள்வி

அன்று ராத்திரி வீட்டில் ஓட்டிக் காட்டினேன். கோட்டை கறுப்பாக நிற்க, வானம் சிவந்து, சூரியன் பந்து மாதிரி எழும்பியது. அம்மா கை தட்டினாள். அப்பா மட்டும் திரையின் கீழ் மூலையைக் காட்டி, "டேய், அங்க நிக்கிறது யாருன்னு தெரியுதா?" என்றார்.

கீழே முச்சந்தி. கூலி வேலைக்கு ஆள் கூப்பிடுகிற இடம். ஆறே கால் மணியிலிருந்து ஆட்கள் தூக்குவாளியோடு வந்து நிற்கிறார்கள். நான் மூன்று நாளும் சூரியனையும் சக்கரத்தையும் பார்த்தேனே தவிர, அவர்களைப் பார்க்கவே இல்லை.

மறுபடி ஓட்டினேன். தெருவைக் கடந்து போகிறவர்கள் ஒன்றிரண்டு படத்தில் மட்டும் தெரிந்து மறைந்தார்கள். 20 நிமிடம் நின்றவர் 240 படங்களில் இருக்கிறார். திரையில் கிட்டத்தட்ட 10 விநாடி. தோளில் வெள்ளைத் துண்டு போட்ட ஒருவர் கடைசிப் படம் வரை அங்கேயே நிற்கிறார். அப்பா சொன்னார்: "வேலை கெடச்சவன் போயிடுறான். கெடைக்காதவன்தான் உன் படத்துல தெளிவா தெரியிறான். நானும் அந்த மூலையில நின்னவன்தான்டா."

எனக்குப் பதில் பேச வரவில்லை. டைம்லாப்ஸ் பாடத்தில் நான் கடைசியாகக் கற்றது இதுதான்: இந்தக் கருவி வேகமாகப் போவதை அழித்து, காத்திருப்பதை மட்டும் நிறுத்தி வைக்கிறது. எதைக் காட்ட வேண்டும் என்பதை நாம் வைக்கும் இடைவெளிதான் முடிவு செய்கிறது. அடுத்த முறை அந்த முச்சந்தியையே எடுக்கப் போகிறேன். அங்கே நிற்பவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

முயற்சி செய்யும் நண்பர்களுக்கு

மாடிக்குப் போக உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் கால் வைக்காதீர்கள். இருட்டில் பின்னால் நகர்வதுதான் ஆபத்து. சூரியன் வந்த பிறகு கேமராவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போய்விடும். லென்ஸில் பனி படிகிறதா என்று அடிக்கடி கவனியுங்கள். செல்போனிலும் இதைச் செய்யலாம். செல்லை ஆடாமல் கட்டி, ஃபோகஸைப் பூட்டினால் போதும்.

கேமரா இரவல், மாடி இரவல், மணல் பையும் இரவல். கணக்கு மட்டும்தான் சொந்தம். அது நம் எல்லோரிடமும் ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது நண்பர்களே! எடுத்துப் பாருங்கள்.