சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் காலை அளந்துகொள்ளுங்கள்!

கடைக்குப் போய் "ஒரு 26 சைக்கிள் காட்டுங்க" என்று கேட்பதுதான் நம் வழக்கம். அந்த 26 இன்ச் என்பது சக்கரத்தின் அளவு. நம் உடம்புக்குப் பொருந்த வேண்டியதோ ஃபிரேம். சீட்டை ஏற்றி இறக்கலாம், ஹேண்டில்பாரைக்கூட மாற்றிக்கொள்ளலாம்; ஃபிரேமை நீட்டவும் முடியாது, குறுக்கவும் முடியாது. ஒரு சட்டை தைக்கத் தோள், மார்பு, கை என்று நின்று அளவு கொடுக்கிறோம். பல வருடம் ஓட்டப்போகும் சைக்கிளுக்கு மட்டும் கண்ணளவு போதுமா? அளவு நாடா, பென்சில், ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் இருந்தால் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

1. உயரத்தை மட்டும் சொல்லி சைக்கிள் வாங்காதீர்கள். அண்ணன், தம்பி இருவருமே 170 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு உள்கால் (தொடை இடுக்கிலிருந்து தரை வரை) 76 செ.மீ., அண்ணனுக்கு 82 செ.மீ. இருக்கலாம். தம்பிக்கு உடல் நீளம், அண்ணனுக்குக் கால் நீளம். இருவருக்கும் ஒரே ஃபிரேம் சரிப்படாது.

2. உள்கால் அளவை இப்படி எடுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். புத்தகத்தின் ஓரம் சுவரில் படும்படி இரு கால்களுக்கு நடுவே வைத்து, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். மேல் விளிம்பில் கோடு போட்டுத் தரையிலிருந்து அளக்கவும். குனிந்து நீங்களே கோடு போட்டால் அளவு தவறும். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பேண்டின் உள்கால் அளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

3. இப்போது கணக்கு. ரோட் சைக்கிள் என்றால் உள்கால் அளவை (செ.மீ.) 0.67-ஆல் பெருக்குங்கள், ஃபிரேம் அளவு செ.மீ.-இல் கிடைக்கும். மேலே சொன்ன தம்பிக்கு 51, அண்ணனுக்கு 55. மவுண்டன் பைக் என்றால் 0.226-ஆல் பெருக்கினால் இன்ச்சில் விடை வரும். 78 செ.மீ. உள்கால் உள்ளவருக்கு ஏறக்குறைய 17.5 இன்ச். இது தேடலைத் தொடங்கும் இடம்தான்; முடிவு ஓட்டிப் பார்த்த பிறகே.

4. ஃபிரேம் எண் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். பெடல் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட்டைத் தாங்கும் குழாயின் மேல்நுனி வரை உள்ள நீளம் அது. சிலர் மேல்நுனிக்குப் பதில், மேல் பாரும் சீட் குழாயும் சேரும் இடத்தின் மையம் வரை அளப்பார்கள். பார் சரிந்து இறங்கும் புதிய மாடல்களில் அந்தக் குழாயே குட்டையாகிவிடுவதால் S, M, L என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கம்பெனியின் M இன்னொன்றின் L ஆக இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் உயரப் பட்டியலோடு நிற்காமல் அந்த மாடலின் ஜியாமெட்ரி அட்டவணையையும் பாருங்கள்.

5. கையையும் அளந்து பாருங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை எடுங்கள். உயரத்தைவிட இது அதிகமானால் சற்று நீளமான ஃபிரேம் ஒத்துவரும். குறைவானால் ஹேண்டில்பார் எட்டாமல் தோளும் கழுத்தும் இழுக்கும். குட்டையான ஃபிரேமே நல்லது.

6. பாரின் மேல் கால் பரப்பி நின்று பாருங்கள். சீட்டுக்கு முன்னால், இரு பாதமும் தரையில் பதிய நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவே ரோட் சைக்கிளில் 2 முதல் 3 செ.மீ., மவுண்டன் பைக்கில் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி வேண்டும். திடீரென்று இறங்க நேரும்போது இதன் அருமை தெரியும். எப்போதும் ஓட்டும் செருப்பு அல்லது ஷூவோடு போய்ப் பாருங்கள்.

7. புடவை, வேட்டி கட்டி ஓட்டுபவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் பார் இறங்கிய ஃபிரேம் வசதி. ஆனால் அதில் ஆறாவது குறிப்பின் சோதனை செல்லாது. கை எட்டுவதையும் சீட் உயரத்தையும் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தையொட்டிப் பெண்கள் திரளாகச் சைக்கிள் கற்றபோது, ஆண்கள் சைக்கிளே மேல் என்றவர்களும் உண்டு. பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! ஏற்றிச் செல்லப்போவது என்ன என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

8. இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பொதுவாகச் சின்னதை எடுங்கள். சீட் கம்பத்தை உயர்த்தி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைச் சற்று நீளமானதாக மாற்றிச் சமாளிக்கலாம். பெரியதைச் சின்னதாக்க வழி குறைவு. கை ரொம்ப நீளமானவர்கள் மட்டும் பெரியதை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். சீட் கம்பத்தில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றக் கூடாது.

9. சீட் உயரத்துக்கு உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 69 செ.மீ. வரும். கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவுக்கு வையுங்கள். கணக்கு வேண்டாம் என்பவர்கள் சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாக லேசாக மடங்கியிருக்கும்.

10. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியும். இரு பெடலும் ஒரே உயரத்தில் இருக்கும்படி கிராங்க் தரைக்கு இணையாக இருக்கட்டும். முன்னால் இருக்கும் முழங்கால் சிப்பிக்குக் கீழே, ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சின் மேல் விழுந்தால் ஏறக்குறைய சரி.

11. வலி எங்கே என்று கவனியுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் சீட் உயரம்தான் காரணம். கைமுட்டி விறைத்து நீண்டே இருந்தால் ஃபிரேமோ ஸ்டெம்மோ நீளம்.

12. ஓட்டிப் பார்க்கும்போது மெதுவாக வளைத்துத் திருப்புங்கள். சின்ன ஃபிரேம்களில் கால்விரல் முன் டயரில் இடிப்பதுண்டு. கூட்டத்தில் திருப்பும்போது விழ இதுவே போதும்.

13. "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய சைக்கிள் வாங்கித் தராதீர்கள். 22, 24 இன்ச் ஃபிரேம் கொண்ட அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்துக் கற்ற தலைமுறை நம்முடையது. அன்று வேறு வழியில்லை. குழந்தைகளின் சைக்கிள் 12, 14, 16, 20, 24 என்று சக்கர அளவில்தான் வருகிறது. வயதைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். கற்கும் குழந்தை சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதங்களையும் தரையில் வைக்க முடிய வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்டுகிறதா என்பதும் முக்கியம்.

14. உள்கால், கைவிரிப்பு, சீட் உயரம் மூன்றையும் பீரோ கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய சைக்கிள் விலைக்கு வருகிறது என்று யாராவது போன் செய்தால், விலையைக் கேட்கும் முன் ஃபிரேம் அளவைக் கேளுங்கள். உடம்புக்குப் பொருந்தாத சைக்கிளைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அது கடைசியில் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கும்.