பெடலில் சத்தம் வரவில்லையா? கழற்றுவதற்கு முன்னால் தேடுங்கள்

சொந்தமாகக் கித்தார் பெடல் செய்து பார்க்கலாம் என்று நம் இளைஞர்களில் சிலர் இறங்கியிருக்கிறீர்கள். நல்ல விஷயம். கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ சிங்கப்பூர் சிம் லிம் டவரிலோ சாமான் வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து பற்றவைத்து, ஆசையாகக் கித்தாரைச் செருகினால் சத்தமே வராது. முதல் பெடல் என்றால் இது சகஜம்தான். அதற்குப் பிறகு நடப்பதுதான் வருத்தம். சந்தேகப்பட்ட பாகத்தையெல்லாம் கழற்றிக் கழற்றி மறுபடியும் பற்றவைப்பார்கள். இரண்டு மூன்று தடவை சூடு பட்டால் போர்டில் உள்ள செம்புக் கோடு உரிந்துவிடும். இருந்தது ஒரு கோளாறு, இப்போ நாலு! கடைசியில் பெட்டி அலமாரிக்குள் போய்விடும், "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது" என்ற முடிவோடு.

அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீங்க. சிக்னல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், பற்றவைக்கும் கோல் ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் போதும்.

இந்தப் பாடத்துக்கு எல்பிபி-1 பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960களின் கடைசியில் கொண்டுவந்தது. ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் குமிழ், அவ்வளவுதான். கித்தார் சிக்னலைப் பெரிதாக்கி அனுப்பும். முதல் பெடலுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

முதலில் கால் சுவிட்சை அமுக்கி பெடலை 'ஆஃப்' நிலையில் வையுங்கள். கித்தார் சத்தம் சாதாரணமாக வருகிறதா? வந்தால் இரண்டு ஜேக்கும் வயரும் சரி, கோளாறு சர்க்யூட் பக்கம். அதுவும் வரவில்லையென்றால் போர்டைத் தொடவே வேண்டாம். ஜேக்கையும் சுவிட்சையும் பாருங்கள். ஒன்பது கால் உள்ள அந்தச் சுவிட்சை 90 பாகை திருப்பி மாட்டிவிட்டால் எல்லா இணைப்பும் மாறிப்போகும். அதன் கால்களில் அதிக நேரம் சூடு வைத்தாலும் உள்ளே பிளாஸ்டிக் இளகிக் கெட்டுவிடும்.

எல்இடி விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். விளக்குக்குப் போகும் மின்சாரம் தனி வழி. சர்க்யூட் செத்துக் கிடந்தாலும் அது ஜம்மென்று எரியும்.

அடுத்தது மின்சாரம். பேட்டரியில் ஓடும் பெடலில் கித்தார் நுழையும் ஜேக் ஸ்டீரியோ ஜேக்காக இருக்கும். அதில் வயரைச் செருகினால்தான் பேட்டரியின் நெகட்டிவ் கிரவுண்டோடு சேரும். வயர் செருகாமல் மல்டிமீட்டர் வைத்துவிட்டு, பேட்டரி செத்துப்போச்சு என்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு. அடாப்டர் பயன்படுத்தினால் இன்னொரு கவனம் தேவை. கித்தார் பெடல்களுக்கு வழக்கமாக நடுமுனை நெகட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் இண்டர்நெட் ரௌட்டர் அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், வோல்ட்டும் 12 ஆக இருக்கலாம். அதன் மேல் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தைப் பார்க்காமல் செருகாதீங்க.

9 வோல்ட் வருகிறதா? சரி, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பேஸில் ஏறக்குறைய 0.8, எமிட்டரில் 0.2, கலெக்டரில் 3 முதல் 5 வோல்ட் வரை இருந்தால் நலம். கலெக்டரில் முழு 9 வோல்ட் இருந்தால் டிரான்சிஸ்டர் வழியாக மின்சாரமே ஓடவில்லை. பெரும்பாலும் கால் மாறியிருக்கும். 2என்5088 கடையில் இல்லையென்று பிசி549 கொடுப்பார்கள். அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், முன்னதில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதில் அப்படியே தலைகீழ். திருப்பித்தான் மாட்ட வேண்டும்.

கலெக்டர் அரை வோல்ட்டுக்கும் கீழே கிடந்தால் பேஸுக்குப் போகும் இரண்டு ரெசிஸ்டரையும் பாருங்கள். 430 கிலோ ஓம் மஞ்சள்-ஆரஞ்சு-மஞ்சள், 43 கிலோ ஓம் மஞ்சள்-ஆரஞ்சு-ஆரஞ்சு. இரவு பதினொரு மணிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிறத்தை நம்புவதைவிட, மாட்டுவதற்கு முன்னாலேயே மீட்டரில் அளந்துவிடுவது நல்லது.

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஒரு சோதனை வயர் செய்துகொள்ளுங்கள். பழைய கித்தார் வயரின் ஒரு முனையை வெட்டி, நடுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள் (மேலே 104 என்று எழுதியிருக்கும்). வெளிப் பின்னலைப் பெடலின் கிரவுண்டில் கவ்வவிட்டு, மறுமுனையை ஆம்ப்ளிஃபையரில் செருகுங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். தொடும்போதெல்லாம் 'டொப்' என்று அடிக்கும். இப்போ நண்பர் ஒருவரைக் கித்தார் வாசிக்கச் சொல்லி, கெப்பாசிட்டரின் மறுகாலால் பாதை நெடுகத் தொட்டுக்கொண்டே போங்கள். நுழையும் கெப்பாசிட்டருக்கு முன்னும் பின்னும் கேட்க வேண்டும். கலெக்டரில் பல மடங்கு பெரிதாகக் கேட்க வேண்டும். பிறகு வெளியேறும் கெப்பாசிட்டர், குமிழின் நடுக்கால், சுவிட்ச், ஜேக். எங்கே நின்றதோ, கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் அதற்கும் நடுவில்தான் கோளாறு. அங்கே மங்கலாக உருண்டு நிற்கும் ஈயம் இருந்தால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துச் சூடாக்குங்கள். பக்கத்துக் கோட்டோடு ஈயம் ஒட்டியிருந்தால் கத்தி முனையால் கீறி விடுங்கள்.

மேசையில் வேலை செய்து, மூடியைப் பூட்டியதும் ஊமையாகும் பெடலும் உண்டு. அலுமினியப் பெட்டியே கிரவுண்ட். போர்டின் அடிப்பக்கமோ ஜேக்கின் நுனியோ அதில் பட்டால் சிக்னல் அங்கேயே முடிந்துவிடும். குமிழின் முதுகில் கொஞ்சம் டேப் ஒட்டினால் பல நேரம் தீரும்.

9 வோல்ட் பெடலைத் திறந்து நோண்டுவதில் பயமில்லை. அதே தைரியத்தில் ஆம்ப்ளிஃபையரைத் திறக்காதீங்க. வால்வு ஆம்ப் என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

இதற்கும் மேலே மசியவில்லையென்றால் தெரிந்த அண்ணன் யாரிடமாவது கேளுங்கள். "வேலை செய்யல அண்ணா" என்று மட்டும் அனுப்பினால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று கால்களின் வோல்ட், சத்தம் நின்ற இடம், போர்டின் இரு பக்கமும் வெளிச்சத்தில் எடுத்த படம், இவற்றை அனுப்புங்கள். பாதி நேரம், எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கே கண்ணில் பட்டுவிடும்.