பாட்டிக்கு எத்தனை வினாடி?

அன்புள்ள மருமகளுக்கு,

“பச்சை மனிதன் விளக்கு எரிந்தால் கடக்க வேண்டியதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்று பள்ளித் திட்டப்பணியைப் பற்றிச் சலித்துக்கொண்டிருந்தாய். நிறையவே இருக்கிறதம்மா.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாலையின் அகலம் 14 மீட்டர் என்று வைத்துக்கொள். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 வினாடிக்குள் அக்கரை சேர்ந்துவிடுவார். பல நாடுகளில் விளக்கு நேரத்தைக் குறித்தவர்கள் வெகுகாலம் இந்த வேகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். முழங்கால் வலியோடு வினாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கோ 17 வினாடிக்கு மேல் வேண்டும். விளக்கு மாறும்போது அவர் நடுச்சாலையில் நிற்பார். கார்க்காரர் ஹாரன் அடிப்பார். தப்பு அந்தக் கால்களில் இல்லை, கணக்குப் போட்டவரிடம் இருக்கிறது.

எல்லாருக்கும் நேரத்தை நீட்டினால் வண்டிகள் தேங்கும் என்பார்கள். அதற்குச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பொத்தானுக்கு மேலே இருக்கும் பெட்டியில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடி வரை பச்சை கூடும். உடற்குறை உள்ளவர்களுக்கும் இது உண்டு. கேட்பவருக்கு மட்டும் நேரம் நீள்வதால் மற்ற வேளைகளில் யாருக்கும் தாமதம் இல்லை. (பாட்டி அட்டையைக் கைப்பையின் அடியில் போட்டுவிட்டுத் தேடுவதற்கு ஆணையம் பொறுப்பாகாது!)

நேரம் கூடினால் மட்டும் போதுமா? வலப்பக்கம் திரும்பும் கார்க்காரரைக் கவனித்திருக்கிறாயா? பல சந்திப்புகளில் அவருக்கும் உனக்கும் ஒரே சமயத்தில் பச்சை. அவர் கண் முழுக்க எதிரே வரும் வண்டிகள்மீதுதான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்ததும் விருட்டென்று திருப்புவார். நீ கடப்பது அதன் பிறகுதான் அவர் கண்ணில் படும். இதைத் தவிர்க்கத்தான் திரும்புவோருக்கென்று தனியாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளை சிங்கப்பூரின் பல சந்திப்புகளில் பொருத்தியிருக்கிறார்கள். அம்பு சிவப்பாக இருந்தால் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் வேறொரு வழி. கார்களுக்குப் பச்சை விழுவதற்குச் சில வினாடிகள் முன்பே நடப்பவர்களுக்கு விளக்கு எரிகிறது. கார் அசைவதற்குள் அவர்கள் எல்லார் கண்ணிலும் படும்படி சாலைக்குள் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் விளக்கின் நேர அமைப்பை மாற்றினாலே போதும், செலவும் குறைவு.

நடைமேம்பாலம் கட்டிவிடலாமே என்று உன் தோழிகள் சொல்லக்கூடும். படியேற முடியாதவருக்கு அது உதவி இல்லை.

சனிக்கிழமை பாட்டியை அழைத்துக்கொண்டு உங்கள் புளோக் அருகிலுள்ள சந்திப்புக்குப் போ. பச்சை எரிந்ததிலிருந்து அவர் அக்கரை சேரும் வரை எத்தனை வினாடி என்று குறித்துக்கொள். ஒருமுறை அட்டையோடு, ஒருமுறை அட்டை இல்லாமல். அட்டை இல்லாத முறை நீ கையைப் பிடித்துக்கொண்டே நட. பச்சை மனிதன் மின்னத் தொடங்கிய பிறகு சாலையில் காலை வைக்காதே. கணக்கை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா