முதலில் நோவைக் கேளுங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் உளவளத்துணைக்கு வருகிற எவரும் "எனக்கு மனவடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தலை இடிக்குது", "நெஞ்சுக்க அடைக்குது", "கை கால் உளையுது, ராவில நித்திரை இல்லை" என்றுதான் வருவார்கள். அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, பனடோல் குளிசையோடு திரும்பியவர்கள் பலர். "ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம்" என்று சொல்லும்போது குரலில் ஆறுதல் இராது, கோபம்தான் இருக்கும்.

2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வேலை செய்த காலத்தில் நான் படித்துக்கொண்ட முதல் விடயம், கதையைக் கேட்க அவசரப்படக் கூடாது என்பது. நோவைக் கேட்க வேண்டும். எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் குறைகிறது, கிணற்றில் தண்ணீர் அள்ள முடிகிறதா? தோள்மூட்டு நோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு அம்மா, போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் வரை அந்தத் தோளில்தான் பேரப்பிள்ளையைப் போட்டுக்கொண்டு நடந்ததைத் தானாகவே சொன்னார். நேரே கேட்டிருந்தால், "அதெல்லாம் முடிஞ்ச கதை பிள்ளை" என்று எழுந்து போயிருப்பார்.

"எல்லாம் மனசுதான் அம்மா" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நோவுற்ற ஒருவருக்கு இதைவிட அவமானமான வசனம் இல்லை. அது பிழையும்கூட. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணத்தில், நோவு என்பது உடலுணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது. ஒருவர் தனக்கு நோகிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்பு சொல்கிறது. ஆபத்து வரும்போது தசைகள் இறுகும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். ஓடித் தப்புவதற்கு அது தேவை. மாதக்கணக்கில் பங்கருக்குள் கிடந்தவர்களுக்கோ ஷெல் ஓய்ந்த பிறகும் அந்த இறுக்கம் விடுவதில்லை. இறுகிய தசை நோகும். நோகும் என்ற பயத்தில் அசையாமல் இருந்தால் இன்னும் இறுகும். நரம்புத்தொகுதியும் காலப்போக்கில் சிறிய தூண்டலுக்கே பெரிய நோவைக் காட்டப் பழகிவிடுகிறது.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த வெளிநாட்டுச் சரக்குத்தான் வேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப்பயிற்சி, சாந்தி ஆசனம், செபம், எண்ணெய் தேய்த்தல் என்று சனத்துக்குத் தெரிந்தவற்றையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். சைவர் ஓம் சொல்லலாம், கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம், முஸ்லிம்கள் திக்ர் செய்யலாம். நாங்கள் களத்தில் செய்ததும் பெரும்பாலும் இதுதான். (ஆழிப்பேரலைக்குப் பிறகு இரண்டு நாள் பட்டறை நடத்தி, சான்றிதழும் தந்து, விமானம் ஏறிய நிபுணர்களை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.)

ஆனாலும் தெரிந்த முறை என்பதற்காக எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்யக் கூடாது. "கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுங்கோ" என்பது சிலருக்குப் பயங்கரமான கட்டளை. கண்ணை மூடினால் பார்க்க விரும்பாதது வரும். தடுப்பு முகாமில் இருந்து வந்த ஒரு தம்பிக்கு, முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும், வாசல் கண்ணில் பட வேண்டும். அப்படியே இருக்கட்டும். கண்ணைத் திறந்தபடி, இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி, அந்த அழுத்தத்தைக் கவனிப்பதே போதும். விரும்பினால் நிறுத்தலாம் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். உடலின் மேல் தனக்கு அதிகாரமே இல்லாதிருந்த ஒருவருக்கு, "வேண்டாம்" என்று சொல்லி அது கேட்கப்படுவதே பாதி மருந்து என்பது என் அபிப்பிராயம். அதனால்தான் கேட்காமல் தோளில் கைவைக்காதீர்கள் என்கிறேன், ஆறுதலுக்காக என்றாலும்.

மூச்சில் ஒரு நுணுக்கம். பதறுகிறவரிடம் "நல்லா மூச்சை இழுங்கோ" என்றால் அவசர அவசரமாக இழுப்பார். தலை சுற்றும், விரல் விறைக்கும், பதற்றம் கூடும். வெளியே விடுவதை நீட்டச் சொல்லுங்கள். சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல, மெதுவாக. மூச்சை விடும்போதுதான் இதயத்துடிப்பு இயல்பாகவே தணிகிறது. வேகஸ் நரம்பின் வேலை அது. நித்திரைக்கு முன் சில நிமிடம், தினமும். பதற்றம் வந்த பிறகு புதிதாகப் பழக முடியாது.

பெண்கள் குழுவில் எங்களுக்கு அதிகம் உதவியது பனையோலை. கைகள் பெட்டி இழைத்துக்கொண்டிருக்க, கண்கள் ஓலையில் இருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாமல் பேச்சு வரும். வராவிட்டாலும் பெட்டி முடியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு, போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது நோவு கூடும். அந்தக் கிழமைகளில் புதுப் பயிற்சி எதையும் தொடங்காமல், கூட இருந்து சமைத்துச் சாப்பிடுவோம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சையால் சுகப்படாத 64 பெண்களில் ஒரு பகுதியினர் 10 வாரம் யோகா செய்தார்கள். முடிவில் அவர்களில் 52 சதவீதமானோர் மனவடு நோய்க்கான அளவுகோலுக்கு வெளியே வந்திருந்தனர். சுகாதார வகுப்புக்கு மட்டும் போனவர்களில் அது 21 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் யோகா செய்தவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது போதவில்லை. மருந்தும் பேச்சும் வேண்டியவர்களுக்கு அவை வேண்டும். சாக நினைப்பவரை மூச்சுப்பயிற்சியோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளினிக் போக வேண்டும்.

உடம்பையும் உண்மையிலேயே பரிசோதிக்க வேண்டும். வன்னியில் ஷெல் துண்டு உள்ளேயே இருக்க நடமாடுகிறவர்கள் ஏராளம். புதிதாக மரத்துப்போகிறது, கால் பலமிழக்கிறது, காய்ச்சலோடு வீங்குகிறது என்றால் முதலில் எக்ஸ்ரே. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் உலோகத் துண்டு இருப்பதை அந்த அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். காந்தம் அதை அசைத்துவிடலாம். துண்டுகள் எங்கெங்கே என்று ஒரு கடுதாசியில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.