மேற்பார்வையாளரும் சட்டமும்: வேலைத்தலப் பாதுகாப்பில் யார் பொறுப்பு?

பிலாய், ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர் உருக்காலைகளிலும், மும்பை, புனே, அகமதாபாத் நகரங்களின் தொழிற்பேட்டைகளிலும், கட்டட வேலைகளிலும் நம்மவர் பலர் போர்மேனாகவும், ஷிப்ட் இன்சார்ஜாகவும், மேஸ்திரியாகவும், சிறு காண்டிராக்டராகவும் பணிபுரிகிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களில் சிலர் ஊரிலிருந்து அவர்களே அழைத்து வந்த பிள்ளைகள். பதவி உயர்வு வந்தால் வீட்டில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பதவியோடு சேர்ந்து வரும் சட்டப் பொறுப்பை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதை இக்கட்டுரையில் காண்போம்.

இது பற்றி இரண்டு கருத்துகள் நம்மிடையே உலவுகின்றன. "விபத்து நடந்தால் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும், நமக்கென்ன?" என்பது ஒன்று. "எது நடந்தாலும் கடைசியில் சூப்பர்வைசர் தலையில்தான் விடியும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது.

எந்தச் சட்டம்?

நெடுங்காலம் நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், சுரங்கங்களுக்கு 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. இவற்றையும் இவை போன்ற வேறு சட்டங்களையும் ஒன்றாக்கி, 2020இல் 'தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம்' இயற்றப்பட்டது. இது 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

இதோடு பொதுக் குற்றவியல் சட்டமும் உண்டு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை என்றிருந்தது. 1-7-2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வந்துள்ளது. இப்போது ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பழைய நினைப்பிலேயே இருப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

முதற்பொறுப்பு முதலாளிக்கே

வேலைத்தலத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் முதற்கடமை முதலாளிக்குரியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலையின் முழுக் கட்டுப்பாட்டையும் உடையவரைப் பொறுப்பாளி ஆக்கியது. கம்பெனியாக இருந்தால் அதன் டைரக்டர்களில் ஒருவர்தான் அந்தப் பொறுப்பாளியாக இருக்க முடியும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, கீழே உள்ள ஓர் அதிகாரியின் பெயரைக் காகிதத்தில் எழுதிவிட்டு மேலே உள்ளவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

புதிய சட்டத்திலும் கடமை தவறியதால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

மேற்பார்வையாளர் எங்கே சிக்குகிறார்?

மூன்று வழிகளில் சட்டம் அவரை நேரடியாகத் தொடுகிறது.

முதலாவது, ஊழியர் என்ற முறையில். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் இச்சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்லர். ஆனால் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் அவர் அடங்குவார். தன் பாதுகாப்போடு, தன் செயலாலோ செய்யத் தவறியதாலோ பாதிக்கப்படக்கூடிய மற்றவர் பாதுகாப்பையும் கவனிப்பது ஒவ்வோர் ஊழியரின் கடமை. ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிப்பதும் கடமை. 'செய்யத் தவறியதாலோ' என்ற சொல் மேற்பார்வையாளருக்கு மிக முக்கியம். தொழிலாளி செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாலும் அது தவறுதான். ஊழியர் இக்கடமைகளில் தவறினால் 10,000 ரூபாய் வரை தண்டத்தொகை கட்ட நேரிடும்.

இரண்டாவது, நிறுவனத்தின் அதிகாரி என்ற முறையில். கம்பெனி செய்த குற்றத்துக்கு ஓர் அதிகாரியின் சம்மதமோ, உடந்தையோ, கவனக்குறைவோ காரணம் என்று நிரூபணமானால் அவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய முயற்சி எல்லாம் எடுத்தேன் என்றோ காட்டுவதே பொறுப்பில் உள்ளவருக்குத் தற்காப்பு.

மூன்றாவது, மேலே சொன்ன குற்றவியல் சட்டம். இது பதவியைப் பார்ப்பதில்லை. யாருடைய அஜாக்கிரதை மரணத்துக்கு நேர்க் காரணமோ, அவர் டைரக்டரானாலும் மேஸ்திரியானாலும் ஒன்றே.

தன்பாத், ராணிகஞ்ச் பக்கம் சுரங்கங்களில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஓவர்மேன், மைனிங் சர்தார் முதலியோர் தகுதிச் சான்றிதழ் பெற்றே பணியில் அமர முடியும். தம் பகுதியைச் சோதித்து, பார்த்ததை எழுதிக் கையொப்பமிடும் கடமையை விதிகளே அவர்கள் பெயரில் வைத்திருக்கின்றன.

பம்பாயிலிருந்து இரண்டு வழக்குகள்

'நேர்க் காரணம்' என்பதை விளக்க இரண்டு பழைய வழக்குகள் உதவும். இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றவை.

முதல் வழக்கு ஒரு பெயின்ட் தொழிற்சாலை பற்றியது. சூடுபடுத்தாமல் செய்யும் முறைக்கு மட்டுமே லைசென்ஸ் பெற்றிருந்த இடத்தில் பர்னர்களை ஏற்றிச் சரக்கைக் காய்ச்சினார்கள். அதே அறையில் வார்னிஷும் டர்பன்டைனும் இருந்தன. 1962இல் ஒரு நாள், ஒரு தொழிலாளி சூடு ஆறுமுன் டர்பன்டைனை ஊற்றினார். அது பொங்கி வழிந்து தீப்பிடித்தது. ஏழு தொழிலாளிகள் மாண்டார்கள். நிர்வாகம் செய்துவந்த பங்குதாரர் மீது வழக்கு நடந்தது. பர்னர்களை அங்கே வைக்க அனுமதித்தது தவறுதான். ஆனால் மரணத்துக்கு நேரான, உடனடிக் காரணம் டர்பன்டைனை அவசரப்பட்டு ஊற்றியதே என்று கூறி, 304-ஏ குற்றத்திலிருந்து அவரை நீதிமன்றம் விடுவித்தது. எனினும் நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்ட குற்றத்துக்குத் தண்டனையை உறுதி செய்தது.

இரண்டாவது வழக்கு ஒரு பேக்கரியின் புகைபோக்கி பற்றியது. தகுதி பெற்ற பொறியாளரின் ஆலோசனை இல்லாமல், அனுமதியும் பெறாமல், சாதாரணக் கொத்தனாரைக் கொண்டு அதை மாற்றிக் கட்டினார்கள். அது இடிந்து விழுந்து 11 பேர் இறந்தனர். இங்கே அந்த வேலையைச் செய்வித்தவரின் அஜாக்கிரதையே மரணத்துக்கு நேர்க் காரணம் என்று முடிவாகி, 304-ஏ பிரிவின்கீழ் தண்டனை நிலைத்தது.

இவற்றிலிருந்து மேற்பார்வையாளர் அறிய வேண்டியது இதுதான். பதவியில் இருந்தார் என்பதற்காக மட்டும் மரணக் குற்றம் அவர் மீது விழாது. அவர் கொடுத்த உத்தரவுக்கும் நடந்த விபத்துக்கும் இடையே நேரான சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சங்கிலியில் வேறொருவர் செய்த தவறு குறுக்கே வந்தால் தப்பலாம். இருந்தும் வேறு பிரிவில் தண்டனை வரக்கூடும்.

போபால் காட்டிய பாடம்

1984 டிசம்பர் 2, 3 தேதிகளின் நள்ளிரவில் நடந்த போபால் விஷவாயு விபத்தை யாரும் மறக்க முடியாது. 7-6-2010 அன்று போபால் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தியக் கிளையின் தலைவராக இருந்தவர், ஒர்க்ஸ் மானேஜர், உற்பத்தி மானேஜர், பிளான்ட் சூபரின்டென்டென்ட் ஆகியோரோடு, உற்பத்தி உதவியாளர் ஒருவரும் 304-ஏ பிரிவின்கீழ் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். விதித்த தண்டனை இரண்டாண்டு. தலைவருக்கும் அதேதான், ஷிப்டு பார்த்தவருக்கும் அதேதான். இத்தனை ஆயிரம் உயிர்களுக்கு இவ்வளவுதானா என்று நாடே வருந்தியது வேறு விஷயம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது, ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவரும் விலக்குப் பெறவில்லை என்பதே.

"மேலிடத்து உத்தரவு" என்றால் தப்பலாமா?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பிரஸ் ஷாப்பில் இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். மாத முடிவில் சரக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி. "ஒரு பொத்தானைக் கட்டிவிடு, வேகமாகப் போகும்" என்று மானேஜர் வாய்மொழியாகச் சொல்கிறார். சூப்பர்வைசர் அப்படியே செய்யச் சொல்கிறார். ஒரு பையனின் மூன்று விரல்கள் போய்விடுகின்றன. மறுநாள் மானேஜர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்.

சட்டம் தடுக்கும் ஒரு காரியத்தைச் செய்யும்படி வந்த உத்தரவு, செய்தவருக்குக் கவசம் ஆகாது. உத்தரவிட்டவரும் குற்றவாளி ஆவாரே தவிர, நிறைவேற்றியவர் அதனால் நிரபராதி ஆகிவிட மாட்டார். அதிலும் உத்தரவு வாய்வழியாக வந்தது என்றால், அதை நிரூபிப்பதே பெரும்பாடு.

ஆகவே பின்வருவனவற்றை வழக்கமாகக் கொள்ள வேண்டும்:

1. கார்டு கழற்றிய இயந்திரத்தை ஓட விடக்கூடாது. பழுது பார்க்கும்போது மெயினை அணைத்துப் பூட்டி, வேலை செய்பவரே சாவியை வைத்துக்கொள்ள வேண்டும்.

2. தொட்டி, குழி, பாய்லர் உள்ளே ஆளை இறக்குமுன் வாயுச் சோதனை, எழுத்து மூலமான பெர்மிட், மேலே காவல் ஆள், மீட்புக் கயிறு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற எந்தச் சாதனமும் இல்லாமல் அடுத்தவர் இறங்குவதால்தான் ஒன்றுக்கு மூன்று உயிர்கள் போகின்றன.

3. சாரம், ஏணி, கிரேன் கயிறு ஆகியவற்றை ஷிப்டு தொடங்குமுன் பார்த்து, பார்த்ததை ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். பார்க்காமல் எழுதியது பின்னால் நமக்கே எதிர்சாட்சி ஆகும்.

4. புதிய ஆளுக்கு அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லித்தர வேண்டும். பல மொழிக்காரர் கூடி வேலை செய்யும் இடத்தில் சுவரில் ஒட்டிய இந்தி நோட்டீஸ் எல்லாருக்கும் போதாது.

5. ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தி, மேலதிகாரிக்கு அன்றே எழுத வேண்டும். நான்கு வரி போதும்: இடம், இயந்திரம், குறை, கேட்கும் நடவடிக்கை. நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கைப்பேசியில் அனுப்பினால் அதை அழிக்கக் கூடாது.

எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடுமே என்ற அச்சம் இயற்கையே. அந்த அச்சத்தைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், ஊழியர் நேராகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தனியாகச் சொல்வதைவிடக் குழு மூலம் சொல்வது நல்லது.

மேஸ்திரிகளுக்கும் சொசைட்டி செயலர்களுக்கும்

பத்துப் பேரை வைத்து வேலை எடுக்கும் சப்-காண்டிராக்டர், தாம் வெறும் மேஸ்திரிதான் என்று நினைத்துக்கொள்கிறார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் சட்டத்தின் கண்ணில் அவரே முதலாளியாகவும் நிற்க நேரும்.

அடுக்குமாடி சொசைட்டிகளில் செயலராக இருக்கும் அன்பர்களும் கவனிக்க வேண்டும். சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் யாவருக்கும் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. "காண்டிராக்டர்தான் அழைத்து வந்தான்" என்பது பதில் ஆகாது.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் காயம்பட்டவரைக் கவனியுங்கள். பிறகு, விபத்து நடந்த இடத்தை மாற்றாதீர்கள். கழற்றிய கார்டை அவசரமாக மாட்டுவதும், ரிஜிஸ்தரில் பின்தேதியிட்டு எழுதுவதும் புதுக் குற்றங்கள். சிறு கவனக்குறைவாக முடிந்திருக்கக்கூடிய வழக்கு, சாட்சியத்தை அழித்த வழக்காக மாறும்.

விசாரணையில் போலீஸார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது சட்டம். தெரியாத மொழியில் எழுதிய எந்தக் காகிதத்திலும், கம்பெனி நீட்டும் வெற்றுத்தாளிலும், படித்துக் காட்டச் சொல்லாமல் கையொப்பமிட வேண்டாம். காவலில் வைக்கப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு செய்தி. தண்டனை வேறு, இழப்பீடு வேறு. இழப்பீடு பெற யாருடைய குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. "அவனே கார்டைக் கழற்றினான்" என்ற வாதம் சிறு காயங்களுக்குச் செல்லலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது. ஈ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் அதன் வழியாகச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. சூப்பர்வைசர் மீது வழக்கு நடந்தால் இழப்பீடு கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையைச் சொல்லும் சூப்பர்வைசரே அந்தக் குடும்பத்துக்கு மிகப் பெரிய துணை.

படித்ததை நினைவுகூர

1. செய்யாமல் விட்டதும் குற்றமாகும் என்பதை உங்கள் பணியிடத்திலிருந்து ஓர் உதாரணம் கொண்டு விளக்குக.

2. பெயின்ட் வழக்கிலும் புகைபோக்கி வழக்கிலும் முடிவு வேறுபட்டது ஏன்?

3. நேற்று உங்கள் ஷிப்டில் கண்ட ஒரு குறையை நான்கு வரிகளில் மானேஜருக்கு எழுதுக. எழுதியதை அனுப்பியும் விடுக.