புற்றுநோயாளரின் நோவும் அக்குபங்சர் ஊசியும்

புற்றுநோய் முற்றிய ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கு, அவர் நோவால் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பெருஞ் சோதனை. வந்தாறுமூலையிலோ சித்தாண்டியிலோ அத்தகைய வீடொன்றில், “அக்குபங்சர் செய்து பார்த்தால் என்ன?” என்று எவரேனும் கேட்டால் என்ன பதில் சொல்லலாம்?

சீன தேசத்து வைத்தியமாகிய இது நம் நாட்டுக்குப் புதியதன்று. களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரியா இதனைச் செய்தும் கற்பித்தும் வந்தார். மயிரிழை போன்ற ஊசிகளை உடலின் குறித்த இடங்களில் ஏற்றிச் சிறிது நேரம் விட்டுவைப்பர். ஊசியினால் மருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. ஊசி நரம்புகளைத் தூண்ட, நோவைத் தணிக்கும் எண்டோர்பின் என்னும் பொருளை உடலே சுரக்கின்றது என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

பலன் உண்டா? பிரான்சில் 90 புற்றுநோயாளரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், காதில் முறைப்படி ஊசி ஏற்றப்பட்டவர்களின் நோவு இரண்டு மாதங்களில் 36 வீதம் குறைந்தது. பெயருக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்ததோ 2 வீதமே. நோய் முற்றிய 298 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் ஊசி ஏற்றப்பட்டவர்களுக்கும், பயிற்சி பெற்றோர் கையால் உடம்பு பிடித்துவிட்டவர்களுக்கும் நோவு ஏறக்குறைய ஒரே அளவாகத் தணிந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வாறு நல்ல பலன் காட்டவில்லை என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே, அக்குபங்சர் நோவுக்குத் துணை மருந்து. புற்றுநோயை மாற்றும் மருந்தன்று. மாற்றும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஊசி ஏற்றுமுன் சிகிச்சை தரும் வைத்தியரைக் கேளுங்கள். குருதிச் சிறுதட்டுகளோ வெண்குருதி அணுக்களோ குறைந்தவர்களுக்கு இரத்தப்பெருக்கும் கிருமித் தொற்றும் ஏற்படலாம். கட்டியுள்ள இடத்திலும், மார்புச் சத்திரசிகிச்சைக்குப்பின் வீங்கிய கையிலும் ஊசி ஏற்றலாகாது. ஒருவருக்குப் பாவித்த ஊசியை மற்றவருக்குப் பாவிக்கவே கூடாது.

ஊசியை நம்பி மோர்பீனை நிறுத்துவது பெருந்தவறு. கடும் நோவுக்கு அம்மருந்தை நோவு வரும்வரை காத்திராமல், நேரம் தவறாது வாயால் கொடுக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வலியுறுத்தியது. பழகிவிடுமே, உயிரைக் குறைக்குமே என்று அஞ்சி அதை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்த அச்சம் வேண்டியதில்லை. நோவைப் பொறுப்பதே புண்ணியம், மருந்து கேட்பது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோரும் உளர். திருச்சபை அவ்வாறு போதிக்கவில்லை. வேறு வழியில்லாதபோது, உணர்வு மங்கினாலும் ஆயுள் சற்றுக் குறையினும்கூட, நோவைத் தணிக்க மருந்து கொடுக்கலாம் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இல் வைத்தியர்களுக்குத் தெளிவுபடுத்தினார்.

நோயாளி வாய்திறந்து சொல்லாதிருக்கலாம். நோவில்லையெனில் 0, தாங்கவே முடியாதெனில் 10 என்று வைத்து, காலையும் மாலையும் அவரைக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகும்போது அக்கொப்பியை வைத்தியரிடம் காட்டுங்கள்.